முன்வரிசைக் கூடாரம்

பூங்காத் துறை அலுவலகத்தில் அவருக்குக் கத்தரி என்று பேர். யார் எந்த வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்தாலும் தலையைச் சாய்த்து ஒரு நொடி பார்ப்பார், பிறகு நாலு துண்டாக்கிக் கொடுத்துவிடுவார். வாயால்தான். விளையாட்டுத் திடலுக்கு ஒருவர் வரைந்த ஊஞ்சலைப் பார்த்து, "இதுல வேகமா ஆடுற பிள்ளை நேரா பக்கத்துக் குளத்துல விழும். நீச்சல் சொல்லிக்கொடுக்கத் தனியா ஆள் போட வேண்டாம், சிக்கனம்" என்றவர். எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது பெரும்பாலும் சரியாக இருக்கும். இத்தனை வருஷ சர்வீஸில் அவருக்கு ஏன் பதவி உயர்வு வரவில்லை என்று அவருடைய மனைவியைத் தவிர யாரும் கேட்டதில்லை. மனைவியும் பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்பாள்.

ஆகவே, கடற்கரைப் பூங்காவின் கூடாரத் திடலை மேம்படுத்தப் போகிறோம், யார் பொறுப்பேற்பது என்று துறை இயக்குநர் கேட்டதும் கத்தரி கையைத் தூக்கியபோது, கூட்டத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் புரையேறியது.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார் இயக்குநர். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

அந்தத் திடல் எல்லோரும் தட்டிக்கழித்த வேலை. கடலை ஒட்டி மணல்மேடு, அதன் பின்னால் சவுக்குத் தோப்பு, தோப்பிலிருந்து கடலோரம் வரை வரிசை வரிசையாகக் கூடாரம் போடும் இடங்கள். குழாய்களில் பாதி சொட்டும், பாதி சொட்டாது. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே போனவர் பாட்டுப் பாடவேண்டும். மணலில் எதைக் கட்டினாலும் அடுத்த பருவத்தில் அது வேறெங்கோ நிற்கும். இதைச் சீர்செய்பவனுக்குத் திட்டு மட்டும் நிச்சயம்.

கத்தரிக்குக் கூடாரத்தின் மேல் காதல் எதுவும் இல்லை. வீட்டில் கட்டில் இருக்கும்போது காசு கட்டிவிட்டுத் தரையில் படுப்பவர்களை அவர் மனித குலத்தின் தனிக் கிளையாகவே நினைத்திருந்தார். அந்தக் கிளையில்தான் அவருடைய தங்கை உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வருஷமும் படிக்கிற காலத்துத் தோழிகளோடு அந்தத் திடலுக்குப் போய் இரண்டு மூன்று நாள் மணலில் கிடந்துவிட்டு, மூக்குத் தோல் உரிந்து திரும்புவாள். ஒரு கார் விபத்துக்குப் பிறகு போகவில்லை. சக்கர நாற்காலி மணலில் ஒரு சாண் போகும், பிறகு போகாது. எல்லோருக்கும் நாலு துண்டு கிடைக்கிற வாயிலிருந்து தங்கைக்கு மட்டும் ஆறுதலாக ஒரு சொல் வந்ததில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் கோடு போடுவது. சரி, கோடாவது போடுவோம் என்று கையைத் தூக்கிவிட்டார்.

இந்தக் காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இரக்கமுள்ளவன் என்று பேர் வாங்கிவிட்டால் அப்புறம் அலுவலகத்தில் எப்படிக் காலந்தள்ளுவது.

திட்டத்துக்கு வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை அமர்த்தினார்கள். கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்ட கால்சட்டை, காதோரம் மட்டும் மழித்த தலை. அவர் படம் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு படத்திலும் யாரோ ஒரு பெண் கையை விரித்துக்கொண்டு சூரியனைப் பார்த்து நின்றாள்.

"சார், இது திடல் இல்ல. இது ஒரு அனுபவம்" என்றார் ஆலோசகர்.

"தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறையும் அனுபவம்தான்" என்றார் கத்தரி.

ஆலோசகர் கடைசிப் படத்தைப் போட்டார். நுழைவாயிலில் ஒரு சிப்பி. ஒரு வீட்டு உயரத்துக்கு, இரண்டு ஓடும் விரிந்து, நடுவில் வண்டி போகும்படி. இயக்குநர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் போன இடமெல்லாம் ஏதாவது ஒரு வளைவை நட்டுவிட்டு வந்தவர். குடிநீர் வாரியத்தில் இருந்தபோது சொட்டு வடிவில், நெடுஞ்சாலையில் இருந்தபோது சக்கர வடிவில். குடிநீரும் சாலையும் என்ன ஆயின என்று கேட்பது நாகரிகமில்லை. நிதியில் பாதி அன்றைக்கே சிப்பிக்குள் போய்விட்டது. மீதிப் பாதியில் குழாய், கழிப்பறை, விளக்கு, எல்லாம். ஆனை வாங்குகிறவர்கள் தீனியைப் பற்றிப் பேசுவதில்லை.

கத்தரி இந்தக் கூத்தையெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு தன் வேலையைப் பார்த்தார். சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று தோப்புக்குள் ஓர் இடம் வரைந்தார். கெட்டித் தரை, எட்டுகிற உயரத்தில் குழாய், முட்டி நுழைகிற மேசை. ஒவ்வொன்றையும் தங்கையின் நாற்காலியை மனத்தில் நிறுத்தி அளந்தார். வரைந்து முடித்துக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தபோது, அவருக்கே பிடித்துப்போனது. வேறு யாராவது வரைந்திருந்தால் நாலு துண்டு போட்டிருப்பார். தன் குஞ்சு கறுப்பு என்று எந்தக் காக்கைக்குத் தெரிகிறது.

தங்கை பல் டாக்டர். நாற்காலியில் உட்கார்ந்தபடியே வேலை பார்ப்பாள். எதிரே இருப்பவர் வாயைத் திறந்துகொண்டு மல்லாந்து கிடப்பதால், யார் யாரைப் பார்த்து இரக்கப்படுவது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் கத்தரி வரைபடத்தைக் கொண்டுபோய் நோயாளி படுக்கும் இருக்கையில் விரித்தார். அவள் கையுறையைக் கழற்றிவிட்டு, பல் பார்க்கும் விளக்கை இழுத்து அதன் மேல் பிடித்தாள்.

"இது என்ன?"

"சவுக்குத் தோப்பு."

"இது?"

"குழாய். உன் கைக்கு எட்டுற மாதிரி."

"நல்லது. என் இடம் எங்க?"

விரலை வைத்துக் காட்டினார்.

"ஒட்டினாப்புல ஒரு கட்டம் இருக்கே?"

"கழிப்பறை. நீ சிரமப்படக் கூடாதுன்னு பக்கத்துலயே போட்டிருக்கேன்."

"அதுக்குப் பின்னாடி?"

"குப்பைத் தொட்டி. மூடி போட்டது."

"கடல்?"

கத்தரியின் விரல் வரைபடத்தின் குறுக்கே நகர்ந்தது. தோப்பைத் தாண்டி, நடுவரிசையைத் தாண்டி, முன்வரிசையைத் தாண்டி, தாளின் ஓரத்துக்குப் போய், தாள் தீர்ந்து, இருக்கையின் கைப்பிடியில் நின்றது.

"அண்ணா, எனக்குக் கடல் பிடிக்கும்னு உனக்குத் தெரியும்னு நினைச்சேன். கக்கூஸ் பிடிக்கும்னு யார் சொன்னா?"

"இல்லம்மா, விதியே அப்படித்தான். எல்லா இடத்துலயும் இப்படித்தான் போடுறாங்க."

"அதான். எல்லா இடத்துலயும். சினிமாவுக்குப் போனா கதவோரம் கடைசி வரிசை. ஹோட்டலுக்குப் போனா கை கழுவுற இடத்துக்குப் பக்கத்துல மேசை. போறவன் வர்றவன் எல்லாம் கையை உதறிட்டுப் போறான், சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள நான் குளிச்சிடுறேன். எனக்குக் கால்தான் போச்சு அண்ணா. மூக்கு நல்லா இருக்கு."

கத்தரி வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வரைபடம் நாலு துண்டாவதை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தார். அதிலும் அவள் சொன்னது சரி. வேறொருவன் மேசையில் இந்தத் தாளைப் பார்த்திருந்தால் அவரே சொல்லியிருக்கவேண்டியது.

தங்கை விளக்கை அணைத்தாள். "எங்க செட்டு இந்த சீசன் ஆரம்பிச்சதும் போறாங்க. என்னையும் கூப்பிட்டிருக்காங்க. முன்வரிசையில அவங்களோட இருக்க இடம் இருந்தா வர்றேன்னு சொல்லுவேன். இல்லேன்னா வேலை இருக்குன்னு சொல்லிடுவேன், வருஷா வருஷம் சொல்ற மாதிரி. அவங்களும் நம்புற மாதிரி நடிப்பாங்க. இது அவங்களுக்கும் போர் அடிச்சுப்போச்சு, எனக்கும் போர் அடிச்சுப்போச்சு." பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "குழாய் உயரம் சரியா இருக்கு" என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் அவரால் தாங்கமுடியவில்லை.

மறுநாள் இயக்குநரின் அறைக்குப் போனார். சக்கர நாற்காலி இடத்தைத் தோப்பிலிருந்து முன்வரிசைக்கு மாற்றவேண்டும், வண்டி நிறுத்துமிடத்திலிருந்து அதுவரை கெட்டிப் பாதை போடவேண்டும் என்றார்.

"ஏங்க, அந்த இடத்தை வரைஞ்சதே நீங்கதானே?"

"ஆமா சார். தப்பா வரைஞ்சுட்டேன்."

இயக்குநர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். கத்தரியின் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்டதற்குச் சாட்சி வேண்டும் என்று நினைத்தாரோ, வேண்டாம் என்று நினைத்தாரோ. "அதை மாத்த முடியாதுங்க. மேலிடத்துல அந்தப் பக்கத்தைப் பாத்துட்டு மனசு நெகிழ்ந்துட்டாங்க. கருணையோட போட்டிருக்கீங்கன்னு ஒரு பாராட்டே வந்திருக்கு. மாத்தினா கருணை எங்கேன்னு கேப்பாங்க."

"கருணையைக் கழிப்பறைக்குப் பக்கத்துல வெச்சிருக்கோம் சார்."

"பக்கத்துல இருந்தா வசதிதானே?"

"உங்களுக்கும் எனக்கும்தான் சார் வயசாகுது, அடிக்கடி கழிப்பறைக்குப் போறோம். அப்ப நாம மட்டும் ஏன் முன்வரிசை கேக்குறோம்?"

ஆலோசகரும் அங்கேதான் இருந்தார். முன்வரிசையில் கெட்டித் தரை போட்டால் இயற்கையோடான உரையாடல் அறுந்துவிடும் என்றார். இயற்கை என்ன பதில் சொன்னது என்று கத்தரி கேட்டார். கடைசியில் இயக்குநர் வழக்கம்போல் முடித்துவைத்தார்: பணம் இல்லை. பணம் எங்கே என்று மூவருக்கும் தெரியும்; வாசலில் இரண்டு ஓடாக விரியப்போகிறது.

கத்தரி எழுந்து கதவு வரை போய்விட்டார். அப்போது ஆலோசகர் திறப்பு விழா பற்றி வாயைத் திறந்தார். தவளை தன் வாயால் கெடுகிற நேரம் அது. "விழா மேடை முன்வரிசையில சார். பெரியவர் ரிப்பன் வெட்டும்போது பின்னாடி கடல். போட்டோ எங்கயோ போகும்."

"மணல்லயா?" என்றார் இயக்குநர். குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

மேலிடத்துப் பெரியவருக்கும் மணலுக்கும் ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது. முந்தைய படகுத்துறைத் திறப்பில் அவருடைய செருப்பில் ஒன்று மணலில் புதைந்து, ஒற்றைக் காலில் நின்ற கோலம் பத்திரிகைகளில் வந்து, அந்தத் துறையின் இயக்குநர் இப்போது ஏதோ ஆவணக் கிடங்கில் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

கத்தரி கதவிலிருந்து திரும்பினார். பொய் சொல்லப் பயிற்சி இல்லாதவர்; ஆனால் அன்றைக்குப் பொய் எதுவும் தேவைப்படவில்லை.

"பெரியவருக்கு முழங்கால்ல ஆபரேஷன் ஆகியிருக்கு சார், ஞாபகம் இருக்கா? படி ஏற மாட்டார். சரிவு ரொம்ப மெதுவா இருக்கணும். பக்கத்துல ரெண்டு பேர் கையைப் பிடிச்சு நடக்கிற அகலம் வேணும். அப்புறம் விருந்தாளிங்க நாற்காலி. மணல்ல போட்டா கால் புதையும். கனமான ஆள் யாராவது உக்காந்தா…"

"வேண்டாம், சொல்லாதீங்க."

"முன்வரிசை முழுக்கக் கெட்டித் தரை போட்டுட்டா கவலை இல்லை."

"முழுக்கவா?"

"யார் எங்க உக்காருவாங்கன்னு நமக்கு என்ன தெரியும் சார்?"

"பணம்?"

கத்தரி ஆலோசகரின் படத்தை எடுத்தார். சிப்பியின் வலது ஓட்டின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தார். "ஒரு ஓடு போதும். கரையில கிடக்கிற சிப்பி பாதி ஒத்தை ஓடுதான். இதுதான் இயற்கை."

இயற்கையோடு அதுவரை உரையாடிக்கொண்டிருந்த ஆலோசகர் அந்த இடத்தில் அதைக் கைவிட்டுவிட்டார். சக்கர நாற்காலிக்குக் கிடைக்காத பணம் ஒரு ஜோடி செருப்புக்கு அன்று மாலையே கிடைத்தது. கோப்பு அறை அறையாக ஓடியது; எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. கத்தரியும் கேட்டுக்கொள்ளவில்லை. ஜெயித்துக்கொண்டிருப்பவன் எங்கே தன் வரைபடத்தைத் தலை சாய்த்துப் பார்க்கிறான்.

பாதை நன்றாகவே அமைந்தது. அவரே வெயிலில் நின்று, கான்கிரீட் கொட்டியவர்களின் உயிரை வாங்கிச் சரிவைச் சரிபார்த்தார். வாசலில் ஒற்றைச் சிப்பி எழுந்து நின்றது. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ பூமிக்குள் படுத்துக்கொண்டு ஒரு காதை மட்டும் வெளியே நீட்டி ஒட்டுக்கேட்பதுபோல் இருந்தது. அக்கம்பக்கத்தில் அதற்குக் காது என்றே பேர் விழுந்துவிட்டது. இயக்குநருக்கு அதன் மேல் அலாதிப் பிரியம்.

பெரியவர் வந்தார். பாதையில் நடந்தார், ரிப்பனை வெட்டினார், காற்று அதிகமாக இருக்கிறது என்று குறைபட்டார், போனார். கடலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செருப்பு இரண்டும் காலிலேயே இருந்தன. அதற்காக இயக்குநர் கத்தரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பருவத்தின் முதல் நாள், தோழிகள் வேலை முடிந்து மாலையில்தான் வருவார்கள் என்பதால், கத்தரியே தங்கையைக் காலையில் அழைத்துப் போனார். அவள் முன்வரிசையில் இடம் பதிவு செய்திருந்தாள். தோழிகளுக்கும் சேர்த்து. வண்டியிலிருந்து இறங்கி நாற்காலியில் அமர்ந்ததும், தள்ளுவதற்காகப் பின்னால் வந்தவரின் கையைத் தட்டிவிட்டாள்.

"நான் போறேன். நீ டெண்டை எடுத்துட்டு வா."

அவள் பாதையில் இறங்கினாள். தோப்பைத் தாண்டினாள். கழிப்பறையைத் தாண்டும்போது அந்தப் பக்கம் பார்த்துத் தலையைக் குனிந்து ஒரு வணக்கம் வைத்தாள். மணல்மேட்டின் இடைவெளியில் கடல் தெரிந்தபோது சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினாள். கத்தரி இரண்டு பைகளையும் சுமந்தபடி தோப்போரம் நின்றுகொண்டார். இந்த மாதிரி நேரத்தில் பக்கத்தில் போனால் ஏதாவது சொல்லவேண்டியிருக்கும். அவள் வெகுநேரம் அங்கேயே இருந்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே, "மூக்கு ஒழுகுதா அண்ணா? உறிஞ்சுற சத்தம் இங்க கேக்குது" என்றாள்.

"காத்து" என்றார் கத்தரி.

"காத்துதான். வா, டெண்ட் போடுவோம்."

கூடாரத்தை விரித்தார்கள். வளைகம்பிகளை எதில் செருகுவது என்று கத்தரி ஒரு யுகம் தடுமாற, அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். கூடாரம் ஒருவழியாக எழுந்து நின்றது. அவள் ஒரு சுத்தியலையும் ஒரு கைப்பிடி இரும்பு முளைகளையும் நீட்டினாள்.

"நாலு மூலையிலும் அடிச்சு இறுக்கு."

கத்தரி மண்டியிட்டு ஓங்கி அடித்தார். முளை ணங்கென்று எகிறி அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு போனது. இன்னொன்றை வைத்து அடித்தார். அது நாய்வால்போல் வளைந்தது. மூன்றாவதை வைக்கும்போதுதான் கை அப்படியே நின்றது. கீழே பார்த்தார். கான்கிரீட். வலப்பக்கம் பார்த்தார். கான்கிரீட். முன்வரிசை முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, சரிவு பிசகாமல், வழவழவென்று, அவரே வெயிலில் நின்று கொட்டவைத்த கான்கிரீட்.

இயக்குநர் பார்த்திருந்தார், ஆலோசகர் பார்த்திருந்தார், அறை அறையாகப் பார்த்திருந்தார்கள். கூடாரத்துக்கு மண் வேண்டும் என்று கூடாரத் திடலை மேம்படுத்திய ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த இடத்தில் ஒரு குடும்பம் இதே கதியில் இருந்தது. அப்பாவும் அம்மாவும் கூடாரத்தின் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விட்டால் பறந்துவிடும்.

"சார், இதைப் போட்டவன் மட்டும் கையில கிடைச்சா…" என்று அந்த அப்பா கத்தரியைப் பார்த்துச் சொன்னார். வாக்கியத்தை முடிக்க அவருக்குக் கை காலியில்லை.

"ஆமாங்க" என்றாள் தங்கை, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். "யாருன்னு விசாரிக்கணும். நல்லாப் படிச்ச முட்டாளாத்தான் இருக்கணும். படிக்காதவனுக்கு இவ்வளவு கச்சிதமா வராது."

"எந்த மடையனோ" என்றார் கத்தரி.

அவ்வளவுதான், அவளால் அடக்கமுடியவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விக்கல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் அந்த வளைந்த முளையைப் பார்த்து மறுபடியும் சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை. நெற்றியில் முளை தடவிய இடம் எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டார்.

"நாளைக்கே கொக்கி பதிக்கச் சொல்றேன்" என்றார். "ஒவ்வொரு மூலையிலும் துளை போட்டு…"

"நாளைக்குப் போடு. இன்னிக்கு இது பறந்தா எங்க செட்டு வந்து எதுல படுக்கும்?"

ஒரு கயிற்றை மேசைக் காலில் கட்டினார்கள். ஒன்றைத் தண்ணீர்க் குழாயில். மூன்றாவதைத் தங்கை தன் நாற்காலியின் சட்டத்தில் கட்டிச் சக்கரத்தைப் பூட்டிக்கொண்டாள். நாலாவது மூலைக்கு ஒன்றும் இல்லை. காற்று வந்தபோதெல்லாம் அந்த மூலை எழுந்து எழுந்து அடித்துக்கொண்டது.

அவள் அண்ணனை மேலும் கீழும் பார்த்தாள்.

"உள்ள போய் அந்த மூலையில உக்காரு."

"நானா?"

"நீ போட்ட தரைதானே. கல்லு எதுவும் கண்ணுல படல. நீ இருக்கே."

கத்தரி செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே போனார். மூலையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கூடாரம் அடங்கியது. உள்ளே எல்லாம் ஆரஞ்சு நிறமாக, புழுக்கமாக இருந்தது. வாசல் தோப்பைப் பார்த்து இருந்ததால் அங்கிருந்து அவருக்குக் கழிப்பறையின் பின்சுவரும் குப்பைத் தொட்டியின் மூடியும் தெரிந்தன. கடல் இரைச்சல் முதுகுப் பக்கமாக வந்தது. கயிற்றின் மறுமுனையில், துணிக்கு அப்பால், அவள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பதன் நிழல் மட்டும் விழுந்தது.

"என்ன தெரியுது?" என்று கேட்டார்.

"பேசாதே அண்ணா. கல்லு பேசாது."

அடுத்த காற்று வந்தபோது, கத்தரி மூலையோடு இன்னும் கொஞ்சம் ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.